கருவாட்டு வரிசையில் நைனா

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு வீட்டோடு இருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, வீட்டில் எல்லோருடைய நிம்மதியையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு புடவைக் கரையால்தான். அண்ணி கட்டும் மில் புடவையின் கரையில் ஒரு மாங்காய், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மாங்காய் என்று முந்தானை வரை ஓடும். துவைத்துக் காயப்போட்டால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இதை முதலில் காகிதத்தில் யாரோ ஒருத்தர் போட்டிருக்க வேண்டும் அல்லவா? அது அவருக்கு வேலை, அதற்கு மாதச் சம்பளம் உண்டு என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சோப்பு உறை, பிஸ்கட் டப்பா, காலண்டர், தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் அப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆள் ஏன் நானாக இருக்கக்கூடாது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், செஞ்சி பஜாரில் மல்லாட்டை மண்டி, நிலக்கடலை மொத்த வியாபாரம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். ஊரில் எங்களவர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம், விளக்குக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்பதற்காக. நைனா இதற்கெல்லாம் மேலே ஒன்று வைத்திருந்தார். பொய் சொல்வதில்லை என்று விரதம். வியாபாரத்தில் உட்கார்ந்துகொண்டு இது என்ன கூத்து என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். வாங்க வந்தவர், "சரக்கு காஞ்சதுதானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார். நைனா, "அடி மூட்ட ரெண்டு நனஞ்சுது" என்று தானாகவே சொல்லிவிடுவார். வல்லத்திலிருந்து மூட்டை போட வந்த ஒருவரிடம் சாயங்காலம் வண்டி வரும் என்று சொல்லி அது வராமல் போக, சொன்னது பொய்யாகிவிட்டதே என்று மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த மனுஷர் அவர்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. அண்ணிதான் எனக்காக நைனாவிடம் பேசினாள். கடைசியில் நைனா ஒரு வழிக்கு வந்தார். "ஒரு தடவ. போய் எழுதட்டும். கெடச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா வந்தவாசியில அந்த வரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன், அப்புறம் பேச்சு கூடாது."

நைனா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. இரண்டாம் தடவை என்பதே கிடையாது. அந்த வரன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாவம், அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வந்தவாசியில் யாரும் பிஸ்கட் டப்பாவுக்குப் படம் போடச் சொல்லப்போவதில்லை.

அண்ணியின் தம்பி அதற்கு முந்தின வருஷம் அதே கல்லூரிக்குத் தேர்வு எழுதித் தோற்றுப்போனவன். தோற்றவனிடம் கேட்டால்தான் விவரம் ஒழுங்காகக் கிடைக்கும் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். முதல் வருஷம் எல்லோருக்கும் பொது, கோடு, வண்ணம், களிமண், டிசைன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கற்றுத் தருவார்கள், அதற்குப் பிறகுதான் துணி டிசைனா, விளம்பரப் படமா என்று பிரிப்பார்கள் என்றான். உள்ளே நுழைவதற்குத் தேர்வு மூன்று பகுதி. எதிரில் ஒரு குடமோ பழமோ வைத்து வரையச் சொல்வது ஒன்று. பூவும் கொடியுமாக ஒரு டிசைன் போடுவது இரண்டு. மூன்றாவதில்தான் அவன் கவிழ்ந்தான். பார்த்த ஒரு காட்சியை நினைவிலிருந்து வரைய வேண்டும். சந்தை, பஸ் ஸ்டாண்டு, அறுவடை என்று ஏதாவது கொடுப்பார்கள். அதில் மனிதர்கள் இருக்க வேண்டும், வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

"நான் கோபுரத்த பிரமாதமா போட்டேன். ஆளுங்கள எறும்பு மாதிரி கீழ வெச்சிட்டேன். வெளிய போன்னுட்டாங்க" என்றான்.

நான் போட்டு வைத்திருந்ததெல்லாம் எங்கள் ஊர்க் கோட்டைதான். கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைக் காலையில் போட்டிருந்தேன், வெயிலில் போட்டிருந்தேன், மழையில் போட்டிருந்தேன். மலை அசையாது, அதனால் நானும் அசையாமல் போட்டுவிட்டேன். மனுஷர்களைப் போட்டால் கொலு பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி மாவாட்டும்போது வரையலாம் என்று உட்கார்ந்தால், என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து விட்டு, ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்பதுபோல் சிரிப்பாள். மண்டிப் பக்கம் பெண்கள் போகக்கூடாது. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமைச் சந்தை.

சந்தைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து ஒரு வயசுப் பெண் படம் வரைவது அந்த நாளில் நடக்கிற காரியமா? அதுவும் வரன் பேசிக்கொண்டிருக்கும் பெண். காய்க்காரர், வெற்றிலைக்காரர், வெல்லக்காரர் எல்லோருக்கும் நான் மண்டிக்கார நைனார் பெண். பென்சிலை எடுத்த மறு நிமிஷம் பஜாருக்குத் தகவல் போய்விடும். நினைத்து நினைத்துப் பார்த்ததில், சந்தையில் என்னை யாருக்கும் தெரியாத இடம் ஒன்றே ஒன்று இருப்பது தெரிந்தது. கருவாட்டு வரிசை.

சின்ன வயதில் அம்மா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போகும்போது அந்த வரிசை வந்ததும் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்போம். எங்களவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான், அந்த இடத்துக்கு வந்தால் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும். அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பவளை எங்களவர் யாரும் பார்க்கப்போவதில்லை. இதைக் கண்டுபிடித்ததும் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். வாசனை என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அட்டையையும் காகிதத்தையும் தாவணிக்குள் அணைத்துக்கொண்டேன். கருவாட்டு வரிசையில் காலை வைத்ததும் குடலைப் புரட்டியது. மூக்கைப் பிடித்தால் மாட்டிக்கொள்வேன் என்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டே நடந்தேன். கடைசியில், கீற்று நிழலில் ஒரு அம்மா பெரிய கூடையை முன்னால் வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மரக்காணத்துப் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டு வருகிறவள் என்று பிறகு தெரிந்தது. நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பென்சிலை எடுத்தேன்.

"இன்னாடி அது? கணக்கெடுக்க வந்தியா?" என்றாள்.

படம் போட வந்தேன் என்று மென்று விழுங்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கருவாடு துன்ற மூஞ்சியே இல்லியே. நைனார் வூட்டுப் பொண்ணா?" என்றாள். ஒரே பார்வையில் குடும்பத்தையே கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேர்வு, நைனா வைத்த நிபந்தனை, வந்தவாசி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

அவள் நடுவில் இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஒரு நீளக் குச்சியை என் பக்கம் தள்ளினாள். "சும்மா குந்தாத. ஒரு கையால காக்காவ வெரட்டு, இன்னொரு கையால எழுது. என்ன வெள்ளையா போடு."

அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். அவள் பேரம் பேசும்போது தோள் ஒரு பக்கம் ஏறும். நெத்திலியை அள்ளும்போது விரல்கள் தனித்தனியாக விரியும். கோபம் வந்தால் முதலில் முதுகு நிமிரும், வார்த்தை அதற்குப் பிறகுதான் வரும். அவளுக்கு முந்தானையை இழுத்துவிட நேரம் இல்லை, போட்டோவுக்குச் சிரிக்க மனசும் இல்லை. என் பென்சில் முதல் தடவையாக அசைகிற மனுஷியின் பின்னால் ஓடியது. மூக்கும் அதற்குள் பழகிவிட்டது. எனக்குள் ஒரு தைரியம் வந்தது, இந்தத் தேர்வில் நான் தேறிவிடுவேன் என்று.

அப்போதுதான் நைனாவைப் பார்த்தேன்.

வரிசையின் முனையில் வெள்ளைச் சட்டை, கையில் குடை. பக்கத்தில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர். வந்தவாசி வரனின் பெரியப்பா. முன்பு ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தார், அதனால் தெரியும். அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறார், நைனா அவரைச் சந்தை வழியாக வீட்டுக்குக் கூட்டிப்போகிறார் போலிருக்கிறது. அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நீட்டி நைனாவிடம் ஏதோ காட்டினார். நீட்டிய கை நேராக எங்கள் கீற்றைப் பார்த்து இருந்தது.

அந்தப் பெரியவர் என்னைக் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் பார்த்தால் வரன் போகும், அது போகட்டும். ஊர் ஊராகச் சமணக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்து நைனா தலை குனிந்து நடப்பார். அதற்குப் பிறகு என்னைச் சென்னைக்கு அனுப்புவாரா? வீட்டு வாசலுக்கே அனுப்ப மாட்டார்.

"ஐயோ, எங்க நைனா" என்றேன்.

அந்த அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கூடையைச் சுமக்கத் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறினாள். பழைய புடவைக் கிழிசல் அது. அதை என் தலைமேல் போட்டு முகம் மறைய இழுத்துவிட்டாள். அட்டையைப் பிடுங்கிச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். "கவுந்துக்கோ. குச்சிய ஆட்டு. வாயத் தொறக்காத."

பெரியவர் முனையிலேயே நின்றுவிட்டார். நைனா மட்டும் உள்ளே வந்தார். எங்கள் நைனா, கருவாட்டு வரிசைக்குள்! வழியில் சிந்திக் கிடந்ததை மிதிக்காமல் அடி மேல் அடி வைத்து வந்தார். வேறு எந்தக் கூடை முன்னாலும் நிற்கவில்லை. எங்கள் கூடைக்கு முன்னால் வந்து நின்றார். துணியின் இடுக்கு வழியாக முதலில் அவர் செருப்பு தெரிந்தது. அப்புறம் வேட்டிக் கரை. அப்புறம் துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்த கை. கொஞ்சம் நிமிர்ந்தேன், நிமிராமல் இருக்க முடியவில்லை. கீழேயிருந்து அவர் முகவாயும் மூக்கும் கண்ணும் தெரிந்தன. ஒரு கணம்தான். மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"இன்னா நைனாரே, வழி தப்பி வந்துட்டீங்களா? நெத்திலி போடட்டுமா?" என்றாள் அந்த அம்மா. வரிசையே சிரித்தது.

நைனா கோபிக்கவில்லை. "பொண்ண தேடிக்கினு வந்தேம்மா" என்றார். குரல் எனக்குப் புதிதாக இருந்தது, மண்டியில் பேசுகிற குரல் இல்லை. "பாத்தா சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்து சாப்புடச் சொல்லு."

"உங்க வூட்டுப் பொண்ணு இங்க எதுக்கு வரப்போவுது? பாத்தா சொல்றேன்."

அவர் உடனே போகவில்லை. என் குச்சி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு காக்கை தைரியமாகக் கூடை விளிம்பில் வந்து உட்கார்ந்து ஒரு நெத்திலியைக் கொத்திக்கொண்டு போயிற்று. அப்புறம் செருப்பு திரும்பியது.

முனையில் பெரியவர் என்னவோ கேட்டார். நைனா சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. "இல்லீங்க. அது கருவாட்டுக்காரம்மா பொண்ணு. நம்ம பொண்ணு இல்ல."

தலை தப்பியது. எங்களவர்களின் கழுத்துப் பழக்கம் என்னைக் காப்பாற்றிவிட்டது, கூடையைப் பார்க்கப் பிடிக்காமல் கூடைக்குப் பின்னால் இருந்தவளையும் பார்க்காமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போ, போய்ச் சாப்புடு" என்று மட்டும் சொன்னாள். தன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அவளை வெள்ளையாகத்தான் போட்டிருந்தேன்.

பின்பக்கமாக வீட்டுக்கு ஓடினேன். என்னை மோந்து பார்த்ததும் அண்ணிக்குக் கண் வெளியே வந்துவிட்டது. காக்கை எச்சம் போட்டுவிட்டது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, கிணற்றடியில் என்னைத் தாவணியோடு நிறுத்திக் குடம் குடமாக ஊற்றினாள். சீயக்காயைத் தேய்த்த வேகத்தில் முடி கையோடு வந்துவிடும் போலிருந்தது. முன்பக்கத்தில் நைனாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்றைக்கு மல்லாட்டை விலையிலிருந்து மழை வரை பெரியவரிடம் ஓயாமல் பேசினார். நான் ஈரத் தலையோடு வந்து பரிமாறினேன். நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் நைனா சாப்பிடவில்லை. எங்களவர்கள் விரதம் இருக்கும் அஷ்டமியும் இல்லை, சதுர்த்தசியும் இல்லை. விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள் அண்ணி. எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. பயணத்தை எந்த நிமிஷம் நிறுத்திவிடுவாரோ என்று அவர் இருமினால்கூட நடுங்கினேன். அவர் என்னைக் கூப்பிட்டபோது போச்சு என்றுதான் நினைத்தேன். "பென்சில் எல்லாம் சீவி வெச்சிக்கோ" என்றார், அவ்வளவுதான்.

சென்னைக்கு நைனாவே கூட்டிப்போனார். கல்லூரி வாசலில் ஒரு பெரிய மரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே நீளமான கூடம், உயரமான ஜன்னல்கள். என்னைத் தவிர எல்லோரும் பிறக்கும்போதே தூரிகையோடு பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். குடத்தை வரைந்தேன். டிசைனில் என் மாங்காய்களை ஓடவிட்டேன். மூன்றாவது பகுதிக்குக் கரும்பலகையில் எழுதினார்கள்: சந்தையில் ஒரு காட்சி.

பக்கத்துப் பெண் உடனே ஆரம்பித்துவிட்டாள். நான் பென்சிலை இன்னொரு தடவை சீவினேன். பிறகு அந்த அம்மாவின் தோளை ஒரு பக்கம் ஏற்றிப் போட்டேன். உடனே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். கூடை வந்தது, கீற்று வந்தது, காக்கை வந்தது. முன்னால் ஒரு ஆள் வேண்டுமே, வாங்குகிறவரா? யோசிக்குமுன் கை தானாகக் குடையையும் வேட்டிக் கரையையும் துண்டைத் திருகும் விரல்களையும் போட்டுவிட்டது. கூடைக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண்ணையும் உட்கார வைத்தேன். நைனாவின் முகத்தில் கண் மட்டும் பாக்கி.

கண்ணை எங்கே வைப்பது? முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ பார்க்கிற கண் என்றுதான் அத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியே போட்டேன். பொருந்தவில்லை, வேறு யாரோ மாதிரி இருந்தது. அழித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு கணத்தை நினைத்துப் பார்த்தேன். துணி இடுக்கு. முகவாய். மூக்கு. பாதி இறங்கிய இமை. தூரத்தில் பார்க்கிறவருக்கு இமை அப்படி இறங்காது. அந்த இமைக்குக் கீழே கருவிழி தெரிந்தது, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் கருவிழி தெரிந்தது என்றால், அந்தக் கருவிழிக்கும் நான் தெரிந்திருப்பேன்.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

பார்த்திருக்கிறார். வேறு எந்தக் கூடைக்கு முன்னாலும் நிற்காமல் நேராக வந்ததே அதனால்தான். பெரியவர் உள்ளே வந்துவிடக்கூடாது என்றுதான் அவர் மட்டும் வந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று யாராவது கருவாட்டுக்காரியிடம் சொல்லி அனுப்புவார்களா? அது என்னிடம் சொன்னது. அதற்குப் பிறகு, அடி மூட்டை நனைந்ததைக்கூட மறைக்காத மனுஷர், நாக்கு கூசாமல் சொல்லியிருக்கிறார், நம்ம பொண்ணு இல்லை என்று. மறுநாள் அவருக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது.

என் கண்ணிலிருந்து தண்ணீர் காகிதத்தில் சொட்டிவிட்டது. தாவணி முனையால் ஒற்றி எடுத்தேன். நேரம் முடியப்போகிறது என்று யாரோ சத்தம் போட்டார். இந்தக் கண்ணை மட்டும் சரியாக வைத்துவிட வேண்டும், தேறினாலும் தேறாவிட்டாலும் இது ஒன்று சரியாக இருக்க வேண்டும் என்று இருந்தது. இமையைப் பாதி இறக்கினேன். கருவிழியைக் கீழே, முக்காடு போட்ட பெண்ணைப் பார்த்து வைத்தேன். மணி அடித்தது.

சாயங்காலம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். என் படங்கள் மேஜைமேல் இருந்தன. கண்ணாடி போட்ட ஒரு தேர்வாளர் மூன்றாவது படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "இந்த ஆள் எதைப் பார்க்கிறார்?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும், என் வாயால் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார்.

"கேட்டா, பார்க்கலேன்னு சொல்லிடுவார் சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். படத்தை மற்ற இரண்டுக்கும் மேலே வைத்தார்.

வெளியே வந்தபோது வெயில் மஞ்சளாக மாறியிருந்தது. நைனா அதே மரத்தடியில், அதே இடத்தில் இருந்தார். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன், அன்றைக்கு என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட வேண்டும் என்று. அவர் தேர்வு எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "பொழுது சாயப்போவுது. சாப்புடு" என்றார்.

கேட்டிருந்தால் அவர் ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லை இன்னொரு பொய் சொல்ல வேண்டும். இரண்டுமே அவருக்குக் கஷ்டம். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நிமிராமலே தெரிந்தது.

இடம் கிடைத்தது. வந்தவாசி வரன் வேறு இடத்தில் முடிந்து, நன்றாகவே வாழ்ந்தார்கள் என்று கேள்வி. நான் துணி டிசைன் படித்து, மில்லில் வேலைக்குச் சேர்ந்து, எத்தனையோ புடவைகளின் ஓரத்தில் மாங்காய்களை ஓடவிட்டுவிட்டேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வெள்ளிக்கிழமைகளில் கருவாட்டு வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவை மறுபடி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நைனாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசிவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செஞ்சிப் பக்கம் வயதானவர்கள் யாராவது என்னைக் கண்டால், "பொய்யே சொல்லாத மனுசனோட பொண்ணாச்சே நீ" என்று இன்னும் சொல்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார் என்பது, அதுவும் எனக்காகச் சொல்லியிருக்கிறார் என்பது, எனக்கும், பேர்கூடத் தெரியாமல் போன அந்தக் கருவாட்டுக்கார அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் எனக்கென்று விட்டுப்போன சொத்து அதுதான்.